பனிபடுநிலை பிழையாகக் காட்டுதோ? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

வீட்டுக்குள் இரண்டு மூன்று சென்சர் பூட்டி, வெப்பநிலையும் சாரீரப்பதனும் (காற்றின் ஈரப்பதச் சதவீதம்) ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளின் திரையில் ஓடத் தொடங்கினதும் அடுத்து எல்லோரும் கைவைப்பது பனிபடுநிலையில்தான். காற்றை எத்தனை பாகைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி தண்ணீராகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலைதான் அது. கைவைக்கவும் வேண்டும். யாழ்ப்பாணத்து வீட்டில் சாரீரப்பதனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். விடியற்காலை 24 பாகை, 90 சதவீதம்; மத்தியானம் 31 பாகை, 60 சதவீதம். வீடு காய்ந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு நேரமும் பனிபடுநிலை 22.3 பாகைதான். காற்றில் இருந்த நீராவி அப்படியே இருக்கிறது, வெயில் ஏறினதால் சதவீதம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த எண் பிழைக்கும்போது எங்கே கைவைப்பது என்பதுதான் கீழே. உங்கள் திரையில் தெரிகிற கோளாறுக்குரிய தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன் சூத்திரத்தையும் சில சோதனை எண்களையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெ என்பது செல்சியசில் வெப்பநிலை, ஈ என்பது சாரீரப்பதன் சதவீதம், ப என்பது பனிபடுநிலை:

க = இயற்கை மடக்கை (ஈ ÷ 100) + (17.62 × வெ) ÷ (243.12 + வெ)
ப = (243.12 × க) ÷ (17.62 − க)

மக்னஸ் சூத்திரம் என்பார்கள். சோதனை எண்கள்: 30 பாகையும் 80 சதவீதமும் கொடுத்தால் 26.2 வரவேண்டும். 28உம் 75உம் கொடுத்தால் 23.2. ஏசி அறைக்குரிய 25உம் 60உம் கொடுத்தால் 16.7. மனக்கணக்குக்கு இன்னொரு வழி உண்டு: 100இலிருந்து சாரீரப்பதனைக் கழித்து, ஐந்தால் பிரித்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். சாரீரப்பதன் 50க்கு மேலே இருக்கும்வரை இது ஏறக்குறைய ஒன்றரைப் பாகைக்குள் சரிவரும். இங்கே 50க்குக் கீழே போகிற நாள் மிகக் குறைவு என்பதால் நமக்கு எப்போதும் உதவும்.

ஊர் அளவும் மனதில் இருக்கட்டும். நான்கு பக்கமும் கடல், வெதுவெதுப்பான கடல். கதவு யன்னல் திறந்திருக்கிற வீட்டில் பெரும்பாலான நாட்களில் 22இலிருந்து 26 வரை நிற்கும். ஏசி இல்லாத அறையில் 12 காட்டினாலும் பிழை, 30 காட்டினாலும் பிழை.

136, −542, அல்லது வெப்பநிலையைவிடக் கூட

இப்படி எண் வந்தால் சென்சரைக் கழற்ற வேண்டாம், அது பாவம். பிழை சூத்திரத்தில் இருக்கிறது. எந்தப் பிழை என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். 30 பாகை, 80 சதவீதத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

136 அளவில் வந்தால் சாரீரப்பதனை 100ஆல் பிரிக்க மறந்திருக்கிறீர்கள். −542 வந்தால் கூட்டலுக்கு அடைப்புக்குறி போடவில்லை, 17.62 × வெ ÷ 243.12 என்று பிரித்து முடித்துவிட்டு அதற்குமேல் வெ-ஐக் கூட்டியிருக்கிறது. தனிப்பூச்சியமே −273.15 என்பதால் இதையாவது யாரும் நம்பப்போவதில்லை.

நம்பக்கூடிய பிழைகள்தான் ஆபத்து. 28.3 வந்தால் பத்தடி மடக்கை போட்டிருக்கிறீர்கள். எக்செலில் சூத்திரத்தைச் சோதித்துவிட்டுக் கொண்டுவருபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: எக்செலில் வெறும் ‘லொக்’ என்பது பத்தடி, ‘எல்என்’ என்பதுதான் இயற்கை மடக்கை. ஹோம் அசிஸ்டன்ட் ரெம்ப்ளேற்றிலும் (நாமே சூத்திரம் எழுதுகிற இடம்) ஈஎஸ்பிஹோமிலும் (ஈஎஸ்பி என்ற சின்னக் கணினிப் பலகையில் ஓடுகிற மென்பொருள்) ஜாவாஸ்கிரிப்ற்றிலும் ‘லொக்’ என்றாலே இயற்கை மடக்கை. ஒன்றில் எழுதியதை மற்றதில் ஒட்டினால் இரண்டு பாகை சத்தமில்லாமல் ஏறிவிடும்.

30.3 வந்தால், அதாவது வெப்பநிலையை ஒரு நூலளவு தாண்டி நின்றால், நீங்கள் நோட்-ரெட்டில் (ஜாவாஸ்கிரிப்ற்றில் கணக்கு எழுதுகிற தானியங்கி மென்பொருள்) இருக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டலாம். சென்சர் செய்தி அனுப்புகிற எம்கியூரீரீ முறை வழியாக வருகிற வெப்பநிலை எண்ணாக வராமல் எழுத்துச் சரமாக வந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ற் பெருக்கும்போது அதை எண்ணாக எடுக்கும், கூட்டும்போது மட்டும் ஒட்டிவிடும். 243.12க்குப் பின்னால் 30ஐ ஒட்டினால் 243.1230. கூட்டலே நடக்கவில்லை. உள்ளே வருகிற இரண்டு அளவையும் முதல் வரியிலேயே எண்ணாக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

சூத்திரத்தோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்கள் ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு மேலதிக இணைப்புகள் தருகிற ஹக்ஸ் வழியாகத் தேர்மல் கம்ஃபோர்ட் என்ற இணைப்பைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கு அதிலேயே இருக்கிறது. சென்சர் பிழைத்தால் அதுவும் சேர்ந்து பிழைக்கும்.

மின்வெட்டுக்குப் பிறகு வரைபில் −3க்கு ஒரு ஊசி

கரண்ட் வந்ததும் ஹோம் அசிஸ்டன்ட் எழும்புகிறது, சென்சர் எழும்பச் சற்று நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் சென்சரின் நிலை ‘கிடைக்கவில்லை’. ரெம்ப்ளேற்றில், எண் கிடைக்காவிட்டால் பூச்சியம் என்று எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தால் வெப்பநிலை 0 ஆகி, பனிபடுநிலை −3க்கு விழும். சாரீரப்பதன் பூச்சியமானால் மடக்கையே எடுக்க முடியாமல் பதிவேட்டில் பிழைச்செய்தி வரும். பூச்சியத்தை எடுத்துவிடுங்கள். ரெம்ப்ளேற்றின் ‘கிடைப்பு’ நிபந்தனையில் இரண்டு சென்சருக்கும் பெறுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வரைபில் இடைவெளி விழுந்தால் விழட்டும். ஈஎஸ்பிஹோமிலேயே கணக்குப் போடுபவர்கள் வந்த அளவு எண்தானா என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

டிஎச்ரி22 வகைச் சென்சர் மின்வெட்டு இல்லாமலே அடிக்கடி காணாமல் போனால் வயர் நீளத்தையும், தரவுக் காலுக்கும் மின்னுக்கும் இடையே 10 கிலோஓம் தடையி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு செக்கனுக்கு ஒரு தடவைக்கு மேல் அதை வாசிக்கவும் கூடாது.

ஒரே அறை, இரண்டு சென்சர், இரண்டு கதை

நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது இந்த அறிகுறியைத்தான். மேசையில் இருக்கிற சென்சர் 30 பாகை, 80 சதவீதம் என்கிறது. ரவுற்றருக்குப் பக்கத்தில் இருப்பது 32 பாகை, 71.4 சதவீதம் என்கிறது. ஒன்று பழுது என்று எடுத்துத் தூர வைக்கத் தோன்றும். இரண்டுக்கும் பனிபடுநிலையைக் கணக்கிடுங்கள். முதலாவது 26.2. இரண்டாவதும் 26.2.

இரண்டு சென்சரும் நல்லவை. ரவுற்றரின் சூடு இரண்டாவதைச் சுற்றியிருக்கிற காற்றைச் சூடாக்கியிருக்கிறது. சூடான காற்றில் அதே நீராவிக்குச் சதவீதம் குறைவு. 30 பாகையை ஒட்டி, 80 சதவீதத்தில், ஒரு பாகை சூட்டுக்கு ஏறக்குறைய நான்கு சதவீதத்துக்குச் சற்று மேலே இறங்கும். நீராவி அளவு மாறாததால் பனிபடுநிலை அசையவில்லை. ஆகவே சென்சர்களை ஒப்பிட வேண்டுமென்றால் வெப்பநிலையையோ சாரீரப்பதனையோ வைத்து ஒப்பிட வேண்டாம், பனிபடுநிலையை வைத்து ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போனால் பிரச்சினை சென்சர் இருக்கிற இடத்தில். ஒத்துப்போகாவிட்டால் பிரச்சினை சென்சருக்குள்.

இனி எல்லோரும் செய்கிற வேலை: வெப்பநிலை இரண்டு பாகை கூடக் காட்டுது, கழித்துவிடுவோம் என்று அமைப்பில் −2 என்று ஒரு திருத்தம் போடுவது. திரையில் இப்போது 30 பாகை, அழகாக இருக்கும். சாரீரப்பதன் மட்டும் பழைய 71.4இலேயே நிற்கிறது. இந்தச் சோடியைச் சூத்திரத்துக்குக் கொடுத்தால் 24.3 வரும். திருத்தம் போடுமுன் சரியாக இருந்த எண்ணைத் திருத்தம் போட்டு இரண்டு பாகை கெடுத்தாயிற்று. வெப்பநிலையை மட்டும் திருத்துவது பனிபடுநிலைக்குச் செய்கிற துரோகம்.

சரியான ஒழுங்கு இது. சென்சர் தருகிற, திருத்தம் போடாத அளவுகள் இரண்டையும் அப்படியே எடுத்துப் பனிபடுநிலையைக் கணக்கிடுங்கள். அறையின் உண்மையான வெப்பநிலை வேண்டுமென்றால் −2 திருத்தத்தோடு அதற்கு வேறொரு பெயர் வைத்துத் தனியே காட்டுங்கள். உண்மையான சாரீரப்பதனும் வேண்டுமென்றால் அந்தப் பனிபடுநிலையிலிருந்தும் திருத்திய வெப்பநிலையிலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்: பனிபடுநிலையில் நிரம்பலாவியமுக்கம் (காற்று நீராவியால் நிரம்பியிருக்கும்போது அந்த நீராவியின் அமுக்கம்) எவ்வளவு, அறை வெப்பநிலையில் எவ்வளவு, முதலாவதை இரண்டாவதால் பிரித்து நூறால் பெருக்கினால் சாரீரப்பதன். மனக்கணக்கு வழியைத் தலைகீழாகப் போட்டாலும் கிட்டத்தட்ட வரும்.

இடத்தையும் திருத்துங்கள். ஈஎஸ்பி32 பலகை வைஃபையோடு பேசும்போது நன்றாகச் சூடாகும். சென்சரை அதே பெட்டிக்குள், அதுவும் பலகைக்கு மேலே அடைத்தால் அது பலகையின் காய்ச்சலைத்தான் அளக்கும். ஒரு சாண் வயரில் பெட்டிக்கு வெளியே, பலகைக்குக் கீழே தொங்கவிடுங்கள். செக்கனுக்கு ஒரு தடவை வாசிக்கிற பழக்கத்தை விட்டு நிமிடத்துக்கு ஒன்றாக்கினால் சென்சர் தன்னைத்தானே சூடாக்குவதும் குறையும். குளிரூட்டிப்பெட்டிக்குப் பின்னால், ரீவிக்கு மேல், சித்திரை வெயிலில் காய்கிற பிளேற்றுக்கு (கொங்கிறீற் கூரை) நேரே கீழே: இந்த மூன்றும் வேண்டாம். பனிபடுநிலை அங்கே பிழைக்காது என்றாலும் வெப்பநிலை உதவாது. குசினி அடுப்படி வேறு கதை. அங்கே சோறு கொதிக்கும்போது நீராவியே கூடுகிறது. பனிபடுநிலை ஏறினால் அது உண்மை.

பனிபடுநிலையே ஒத்துப்போகவில்லை

இங்கே நம் வீடுகளுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர் வீட்டை அடைத்து வைத்திருப்பதால் உள்ளே ஒரு நீராவி, வெளியே ஒரு நீராவி. நாங்கள் விறாந்தைக் கதவும் யன்னலும் திறந்து, ஃபானைப் போட்டுவிட்டு இருக்கிறோம். சோளகம் வீசுகிற ஒரு பின்னேரம் வீடு முழுக்க ஒரே காற்றுத்தான். சென்சர் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் ஒப்பிடுங்கள். ஏசியும் சமையலும் இல்லாத அறைகள் எல்லாம் ஒரு பாகைக்குள் ஒரே பனிபடுநிலையைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் ஆள்.

விலகுகிறது டிஎச்ரி11 வகைச் சென்சர் என்றால் மேலே படிக்கவே வேண்டாம். அதன் வழு சாரீரப்பதனில் ±5 சதவீதம், வெப்பநிலையில் ±2 பாகை. ஐந்து சதவீதம் என்பது பனிபடுநிலையில் ஒரு பாகை. வெப்பநிலை வழு கிட்டத்தட்ட அப்படியே வந்து சேரும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் மூன்று பாகை. ஏசி அறைக்கும் ஹோலுக்கும் வித்தியாசம் பார்க்கலாம், அதற்குமேல் ஒன்றுக்கும் உதவாது. எஸ்எச்ரி31 வழக்கமாக ±2 சதவீதம், ±0.2 பாகைக்குள் நிற்கும். விலை வித்தியாசத்துக்கு ஏற்ற பொருள்.

பிஎம்இ280 என்று வாங்கியது சாரீரப்பதனே தராவிட்டால் உங்கள் கைக்கு வந்திருப்பது பிஎம்பி280. அது வெப்பநிலையும் அமுக்கமும் மட்டும் அளக்கும். பலகை இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். சிப்பின் அடையாள எண்ணைப் பதினறும முறையில் வாசித்தால் பிஎம்இ280 என்றால் 60, பிஎம்பி280 என்றால் 58. ஈஎஸ்பிஹோம் பதிவேட்டில் சிப் எண் பிழை என்று வந்தால் இதைத்தான் சொல்கிறது. வயரை மாற்றி மாற்றிப் பூட்டிப் பிரயோசனம் இல்லை, கடைக்காரரிடம் கொண்டுபோங்கள்.

மற்றச் சென்சர்களுக்கு உப்புச் சோதனை. மூடிய பெட்டிக்குள் ஈர உப்பை வைத்தால் அதற்கு மேலேயுள்ள காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். 25 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் அது அரைச் சதவீதம்கூட மாறாது. சோடாப் போத்தல் மூடி ஒன்றில் தூள் உப்பைப் போட்டு, நனைந்த மணல் பதத்துக்கு வரும்வரை துளித் துளியாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்து தண்ணீராகிவிட்டால் சோதனை கெட்டது, இன்னும் உப்புச் சேருங்கள். இறப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் மூடியையும் சென்சரையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, வயர் வெளியே வருகிற இடத்தைப் புளூரக்கால் அடைத்து, வெயில் படாத அலுமாரித் தட்டில் ஓர் இரவு விடுங்கள். விடியப் பார்க்கும்போது 79 என்று நின்றால் சாரீரப்பதனுக்கு −4 திருத்தம். முன்பு திருத்தம் வேண்டாம் என்றது வெப்பநிலைக்கு. இது சாரீரப்பதனின் சொந்த வழு, திருத்தத்தான் வேண்டும். ஈஎஸ்பி பலகை பெட்டிக்குள் போகக்கூடாது, சென்சர் மட்டும். பலகையின் சூடு உள்ளே போனால் 75 கிடைக்காது.

ஆனையிறவுப் பக்கத்துக் கல்லுப்புத்தான் வீட்டில் இருக்கிறது, அதைப் போடலாமா என்று கேட்பீர்கள். சுத்திகரிக்காத கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டு கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதன் நிரம்பிய கரைசலுக்கு மேலே காற்று 33 சதவீதத்தில்தான் நிற்கும், அதனால் கலப்பு உப்பு 75க்குக் கீழே இழுக்கும். தூய உப்பு காற்று 75ஐத் தாண்டினால்தான் கசியும். மகனீசியம் கலந்தது அதற்கு வெகு முன்னமே தண்ணீர் விடத் தொடங்கும். மாரி தொடங்க முன்னரே குசினி உப்புச் சாடி நசநசத்தால் காரணம் அதுதான். சோதனைக்குப் பைக்கற்றில் வருகிற சுத்திகரித்த தூள் உப்பை எடுங்கள். அதிலிருக்கிற அயடீன் ஒன்றும் செய்யாது.

மாரியில் 99.9இல் ஒட்டிக்கொண்டு நிற்குது

ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் கிழமைக்கணக்கில் நிற்கும்போது சாரீரப்பதன் 80க்குக் கீழே இறங்காது. இந்த வகைச் சென்சர்கள் நீண்ட நேரம் அந்த ஈரத்தில் கிடந்தால் இரண்டு மூன்று சதவீதம் மேலே நகர்ந்துவிடும். வெயில் வந்து காய்ந்தால் மெல்ல மெல்லத் தானே திரும்பி வரும். ஆகவே கார்த்திகையில் திருத்தம் போடாதீர்கள். தையில் அது பிழையாகப்போகும். எஸ்எச்ரி31க்குள் சின்னச் சூடேற்றி ஒன்று இருக்கிறது. அதைச் சற்று நேரம் போட்டால் ஒட்டிய ஈரம் போகும். அணைக்க மறந்துவிட்டு, வெப்பநிலை ஏன் கூடக் காட்டுது என்று தேடாமல் இருந்தால் சரி.

வெயில் வந்தும் இறங்காவிட்டால் மேற்பரப்பு அழுக்கு. குருநகர், பாசையூர், காரைநகர் மாதிரிக் கடலோர வீடுகளில் காற்றோடு வருகிற உப்புப் படலம். சாமி அறையில் சாம்பிராணிப் புகை. குசினியில் தாளிப்பு எண்ணெய். புதிதாக அடித்த பெயின்ற். துடைத்து, கழுவிப் பார்ப்பதைவிட மாற்றுவதே மேல். அடுத்த தடவை டெஃப்லான் வடிமூடி போட்ட சென்சராக வாங்குங்கள்.

ஏசி போட்டதும் வரைபு பல் பல்லாகப் போகுது

பற்றரியில் ஓடுகிற சிக்பீ (வயரில்லாத் தொடர்பு) சென்சர்கள் பற்றரியை மிச்சம் பிடிக்க, அளவு குறிப்பிட்ட அளவுக்கு மாறினால் மட்டும் அறிவிக்கும். வெப்பநிலையும் சாரீரப்பதனும் வெவ்வேறு நேரத்தில் வரும். ஏசி போட்டதும் வெப்பநிலை 30இலிருந்து 28க்கு இறங்கினதை அறிவித்துவிட்டது, சாரீரப்பதன் இன்னும் பழைய 80 என்றால் ரெம்ப்ளேற் உடனே கணக்கிட்டு 24.2 என்று எழுதிவிடும். அரை நிமிடத்தில் புதுச் சாரீரப்பதன் வந்ததும் மறுபடி மேலே பாயும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் கணக்கிடுவதை நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கணக்கிடச் செய்யுங்கள். அல்லது கடைசி ஐந்து நிமிடத்தின் இடைநடு எண்ணை எடுங்கள். பிளக்கில் ஓடுகிற ஈஎஸ்பிஹோம் சென்சருக்கு இந்தத் தொல்லை குறைவு, இரண்டையும் ஒரே வாசிப்பில் எடுக்கிறது.

எண் சரி, ஆனால் சுவர் வேர்க்குது

பக்கத்து வீட்டு மாமி கேற்றடியில் நின்று கேட்டது: “தம்பி, ஹோல் அலுமாரிக்குப் பின்னாலை சுவரெல்லாம் ஈரம். தண்ணிக் குழாய் ஏதும் வெடிச்சிட்டுதோ?”

“அந்தச் சுவருக்கு அங்காலை என்ன அறை மாமி?”

“மகன்ரை அறை. ஏசி போட்டவை.”

குழாய்க்குக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஏசி அறைக்குள் சென்சர் இருந்தால் அது 14, 15 என்று நல்ல பனிபடுநிலையைக் காட்டும். அது அந்த அறையின் காற்று. சுவரின் மறுபக்கம் இருப்பது ஹோலின் காற்று, பனிபடுநிலை 26. ஏசியை 20இல் விட்டால் நாலங்குலச் சீமெந்துக் கல் சுவரின் ஹோல் பக்கமும் குளிர்ந்து 26ஐ ஒட்டி வரும். வெறும் சுவர் என்றால் ஹோல் காற்றுப் பட்டுச் சற்றுச் சூடாகித் தப்பும். அலுமாரியை ஒட்டி வைத்தால் அந்தச் சூடும் சுவருக்குப் போகாது, நீராவி மட்டும் போகும். வேர்க்கும். பிறகு பூஞ்சணம், பிறகு கூறைச்சேலைப் பெட்டியின் மூலையில் கறுப்புப் புள்ளி.

பனிபடுநிலையை ஒப்பிட வேண்டியது மேற்பரப்பின் வெப்பநிலையோடு. காற்றின் வெப்பநிலையோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சர் ஒன்றைச் சந்தேகப்பட்ட இடத்தில் சுவரோடு அழுத்தி ரேப்பால் ஒட்டுங்கள். அதன் வழு அரைப் பாகைதான். அலுமாரியைத் திரும்பத் தள்ளி வைத்துவிட்டே அளக்க வேண்டும், இழுத்து வைத்துக்கொண்டு அளந்தால் நல்ல எண்தான் வரும். பனிபடுநிலையிலிருந்து மேற்பரப்பின் வெப்பநிலை நான்கு பாகைக்குள் வந்து நாட்கணக்கில் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும், ஏனென்றால் அந்த மேற்பரப்பில் சாரீரப்பதன் 80 அளவில் இருக்கும். கண்ணுக்குத் தண்ணீர் தெரியவேண்டும் என்றில்லை. மாமி வீட்டுக்குச் செய்தது அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்ததும், ஏசியை 25க்கு ஏற்றியதும்.

இதே காரணத்தால் வருகிற இன்னொரு முறைப்பாடு: தை மாதத்துப் பின்னிரவில் வெளிச் சென்சர் 23 பாகை, 93 சதவீதம், பனிபடுநிலை 21.8 என்கிறது, மோட்டார் சைக்கிள் சீற் மட்டும் நனைந்திருக்கிறது. முகில் இல்லாத வானத்துக்குத் தன் சூட்டை விட்டுவிட்டுச் சீற் காற்றைவிடக் குளிர்ந்துபோயிருக்கும். சென்சரில் பிழை இல்லை.

மோல்ட் இண்டிகேற்றர் பொருளில்லாத எண் தருது

ஹோம் அசிஸ்டன்ட்டோடு வருகிற இந்தப் பூஞ்சணக் காட்டி, உள்ளே சூடு வெளியே குளிர் என்ற வீட்டுக்குக் கட்டியது. உள்வெப்பநிலையிலிருந்து வெளிவெப்பநிலையைக் கழித்து, அதை, சுவரின் மோசமான இடத்து வெப்பநிலையிலிருந்து வெளிவெப்பநிலையைக் கழித்து வருவதால் பிரித்தால் அதற்குரிய திருத்தக் காரணி. நம் வீட்டில் உள்ளே 30.2, வெளியே 29.8. 0.4 பாகை வித்தியாசத்தைச் சென்சரின் வழுவே விழுங்கிவிடும். காரணி எந்த எண்ணாகவும் வரலாம்.

ஏசி அறைச் சுவருக்கு இதையே தலைகீழாகப் பயன்படுத்தலாம். ‘உள்’ என்ற இடத்தில் ஹோலின் வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் கொடுங்கள், ‘வெளி’ என்ற இடத்தில் ஏசி அறையின் வெப்பநிலையைக் கொடுங்கள். இரவு ஏசி நன்றாகக் குளிர்ந்து ஒரு மணித்தியாலம் போன பிறகு, ஹோல் பக்கச் சுவரை அளந்து காரணியைப் போடுங்கள். ஹோல் 30, ஏசி அறை 20, சுவர் 26.6 என்றால் 10ஐ 6.6ஆல் பிரிக்க 1.5. அதன்பிறகு தருகிற சதவீதம் நம்பக்கூடியது.

எக்ஸோஸ்ற் ஃபான் போட்டுப் போட்டு நிற்குது

வெளியே பனிபடுநிலை குறைவென்றால் ஃபானைப் போடு என்று தானியங்கி எழுதியிருப்பீர்கள். உள்ளும் வெளியும் எப்போதும் ஒரு பாகைக்குள் நிற்கிற ஊரில் சென்சரின் சிறு ஆட்டமே ஃபானைப் போட்டு அணைக்கப் போதும். வித்தியாசம் 1.5ஐத் தாண்டினால் போடவும், 0.5க்குக் கீழே வந்தால் அணைக்கவும் சொல்லுங்கள். சோளக மாதங்களில் அது நாள் முழுக்க ஓடாமல் கிடக்கலாம். வெளியேயும் அதே ஈரம் என்றால் ஓடி என்ன பயன். குளியலறைக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை: குளித்து முடிகிறபோது உள்ளே எப்போதும் வெளியைவிடக் கூடத்தான், லைற்றை அணைத்த பிறகு இருபது நிமிடம் ஓடும்படி விட்டால் போதும்.